முட்டுக்கட்டை தாங்கும் பாரம்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, தேரோட்டத்தில் கடினமான வேலை இழுப்பதுதான் என்று நாமெல்லாம் நம்பிவிட்டோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. இழுக்க எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நடந்து, சரியான நொடியில் சரியான இடத்தில் கட்டை வைப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருப்பார்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் எல்லாருடைய உயிரும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஈர்ப்பு விசை, உராய்வு விசை, இழுவிசை என்று தனித்தனியாகப் படித்ததெல்லாம் ஒரே நேரத்தில், ஒரே பொருளின் மேல் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் தேரைவிட நல்ல இடம் இல்லை.

கணக்குக்காக நடுத்தரமான ஒரு தேரை எடுத்துக்கொள்வோம். அலங்காரத்தோடு 60 டன். 2 மீட்டர் விட்டத்தில் நான்கு சக்கரம். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே 4 மீட்டர். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன் என்பார்கள். அதற்கு இங்கே வரும் விசைகளை ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம். அந்த அளவுக்குப் போனபின் மரக்கட்டையை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான் அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் செய்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன.

60 டன் என்பது நிறை. அதைப் பூமி கீழே இழுக்கும் விசை 5,88,000 நியூட்டன். நியூட்டனில் சொன்னால் கண்முன் எதுவும் வராது என்பதால், 9,800 நியூட்டனை ஒரு டன் விசை என்று வைத்துப் பேசுகிறேன். ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் தரை 15 டன் விசையை மேல்நோக்கித் திருப்பித் தருகிறது. தர முடிகிற வரை தேர் நிற்கும், முடியாத இடத்தில் சக்கரம் இறங்கிவிடும். ஒரு லாரியின் பின் அச்சில் நான்கு டயருக்கும் சேர்த்தே சட்டம் அனுமதிப்பது 11.5 டன்தான். தேரின் ஒற்றைச் சக்கரம் அதைவிடக் கூடுதல், அதுவும் காற்றடித்த ரப்பர் இல்லாமல், இரும்புப் பட்டையின் ஒரு மெல்லிய கீற்றில் இறங்குகிறது. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மண்ணள்ளிப் போட்டு, மேலே தார் பூசிய பள்ளம் பார்க்க ரோடு மாதிரியே இருக்கும். லாரி போனதே, தேர் போகாதா என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாக்கடை மூடிக்கும் இதே பேச்சுதான்.

இனி நகர்த்துவது. சமமான தார் ரோட்டில் உருண்டுகொண்டிருக்கும் தேருக்கு இரண்டு எதிர்ப்புகள். சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் இடையே உருளும் உராய்வு ஒன்று. அச்சும், அது நுழையும் சக்கரத்தின் நடுப்பகுதியான குடமும் உரசுவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து எடையில் 2.5 சதவீதம் என்று வைத்தால் 1.5 டன் ஆகிறது. ஓர் ஆள் நடந்துகொண்டே சீராக 200 நியூட்டன் இழுப்பார். அப்படியானால் 75 பேர் போதும்! 60 டன் தேருக்கு 75 பேர் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தேருக்கு அவ்வளவுதான். அச்சில் கிரீஸ் வறண்டு போயிருந்தால் இந்தக் கணக்கு அப்படியே மாறும். வெள்ளோட்டத்தின்போது சக்கரத்தின் குடத்தைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அங்கே உராய்வு ஆட்களின் உழைப்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆனால் நிற்கும் தேரைக் கிளப்புவது தனிக் கதை. சித்திரை, வைகாசி வெயிலில் தார் இளகும். ஒரு பகல் முழுக்கத் தேர் அதே இடத்தில் நின்றால் சக்கரம் மெல்ல அமுங்கும். 1 செ.மீ. அமுங்கியிருக்கிறது என்று வையுங்கள், கண்ணுக்குக்கூடச் சட்டென்று தெரியாது. சக்கரம் இப்போது உருளவில்லை, 1 செ.மீ. படியில் ஏற வேண்டியிருக்கிறது. 1 மீட்டர் ஆரமுள்ள சக்கரத்தை 1 செ.மீ. படியில் ஏற்ற, அதன் மேலிருக்கும் எடையில் 14 சதவீதம் விசை வேண்டும். நான்கு சக்கரமும் அப்படி இருந்தால் மொத்தம் 8.5 டன். ஓடும்போது தேவைப்பட்டதைப் போல ஐந்தரை மடங்குக்கு மேல். அரை செ.மீ. அமுங்கினாலே 6 டன். நிலையில் கருங்கல்லோ கான்கிரீட்டோ போட்டு வைப்பது இதற்காகத்தான். நடுத்தெருவில் மதியம் தேரை நிறுத்த நேர்ந்தால், நிறுத்தும் இடத்தில் 12 மி.மீ. இரும்புத் தகடுகளை முன்கூட்டியே போட்டு அதன் மேல் ஏற்றி நிறுத்துங்கள். நின்ற பிறகு தகடு தேடி ஓடுவதில் பயன் இல்லை.

அமுங்கிய தேரைக் கிளப்ப வடத்தில் ஆளைக் கூட்டுவது தவறான வழி. பின்சக்கரத்துக்கு நெம்புதடி போடுவதுதான் சரி. 4 மீட்டர் தடியில், சக்கரத்தைத் தொடும் நுனியிலிருந்து 20 செ.மீ. தள்ளித் தாங்குகட்டை வைத்தால், மறுமுனையில் விழும் எடை 19 மடங்காகிச் சக்கரத்தில் சேர்கிறது. 60 கிலோ ஆட்கள் பத்துப் பேர் நுனியில் பாரத்தைப் போட்டால் 11 டன்னுக்கு மேல். ஆனால் நுனி 1.9 மீட்டர் இறங்கினால் சக்கரம் நகர்வது 10 செ.மீ.தான். விசையில் கிடைத்த லாபத்துக்குத் தூரத்தில் விலை கொடுத்தாக வேண்டும். அந்த 10 செ.மீ. போதும், பள்ளத்தைவிட்டு வெளியே வந்துவிடும். தாங்குகட்டை பிளந்தால் தடி துள்ளி எழும். அதனால் தடியின் மேல் கால் இரண்டையும் பரப்பி உட்கார்ந்து அழுத்தக் கூடாது, பக்கவாட்டில் நின்று அழுத்த வேண்டும்.

வடத்துக்கு வருவோம். இரண்டு வடம், ஒவ்வொன்றையும் நூறு பேர் பிடித்திருக்கிறார்கள். கயிற்றின் முன் நுனியில் இழுவிசை சுழி. முதல் ஆளைத் தாண்டியதும் 200 நியூட்டன், இரண்டாம் ஆளைத் தாண்டியதும் 400. இப்படி ஒவ்வொருவராகச் சேர்ந்து சேர்ந்து, தேரின் வளையத்துக்கு வரும்போது 20,000 நியூட்டன், அதாவது 2 டன். கயிறு முழுவதும் ஒரே மாதிரி இறுகியிருக்கிறது என்ற எண்ணம் தவறு. தேருக்கு அருகே உள்ள பத்தடிதான் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. அங்கேதான் முடிச்சும் இருக்கிறது. முடிச்சு போட்ட கயிறு, போடாத கயிற்றின் வலுவில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடும்; முடிச்சுக்குள் கூர்மையாக வளையும் இடத்தில் வெளிப்பக்கத்து இழைகள் மட்டும் பாரத்தை ஏற்கின்றன. சிறிய வளையத்தில் கயிற்றை மடக்கிக் கட்டினாலும் இதே கேடு. வளையத்தைப் பெரிதாக்கி, கயிற்றை முடிச்சுப் போடாமல் புரிகளைப் பிரித்துப் பின்னிச் சேர்த்தால் பெரும்பகுதி வலு மிஞ்சும்.

இரண்டு வடமும் ஒரே நீளமாக, ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். ஒன்று தொய்ந்திருந்தால் இறுகிய வடமே ஒட்டுமொத்தப் பாரத்தையும் வாங்கும். அதுவும் மெதுவாக அல்ல, ஒரே வெட்டில். "ஹோ" என்று எல்லாரும் ஒன்றாக இழுக்கும் கணத்தில் ஓர் ஆள் 400 நியூட்டனைத் தாண்டிவிடுவார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேர் உருண்டுகொண்டிருந்தால், எத்தனை பேர் பிடித்தாலும், வேகம் ஏறாத வரை வடங்களில் இருக்கும் மொத்த இழுவிசை அந்த 1.5 டன்தான். தேர் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும்போதுதான் ஆபத்து. நகரவில்லையே என்று வேடிக்கை பார்ப்பவர்களும் கை கொடுப்பார்கள். 500 பேர் ஆளுக்கு 400 நியூட்டன் என்று வெட்டி இழுத்தால் 20 டன். தேர் அசையாமல் எதிர்க்கும் வரை அந்த 20 டன்னையும் வடம்தான் தாங்கியாக வேண்டும். 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடங்கள் அடுத்தடுத்து அறுந்ததை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். எந்த ஊரானாலும் விதி ஒன்றுதான்: இரண்டு முறை இழுத்தும் தேர் நகராவிட்டால் வடத்தை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் போய்ப் பாருங்கள். அமுங்கியிருக்கும், அல்லது முன்னால் போட்ட கட்டையை எடுக்க மறந்திருப்பார்கள்.

தேங்காய் நார் வடம் இழுபடும்போது நன்றாக நீளும். நீண்ட கயிற்றில் ஆற்றல் சேர்ந்திருக்கும், அறுந்தால் வில்நாண்போல அடிக்கும். வளையத்திலிருந்து முதல் 3 மீட்டரில் யாரும் கயிற்றைப் பிடிக்கக் கூடாது என்பது இதற்காகவும், சக்கரத்துக்காகவும். போன வருடம் ஓடிய வடத்தை ஈரத்தோடு சுருட்டித் தேர்மண்டபத்தில் தரையில் போட்டிருந்தால் வெளியே முறுக்கு அழகாகவே தெரியும். புரியைத் திருகித் திறந்து உள்ளே பாருங்கள். நடு இழை கருத்து, பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்த வடம் சாமி காரியத்துக்கு ஆகாது.

இப்போது சரிவு. 100 அடிக்கு 1 அடி ஏற்றம் என்றால் ஈர்ப்பு விசை 0.6 டன் பின்னால் இழுக்கும், கூடுதலாக 30 பேர் வேண்டும், அவ்வளவுதான். இறக்கம்தான் சிக்கல். 40-க்கு 1 இறக்கத்தில் ஈர்ப்பு 1.5 டன் முன்னால் தள்ளுகிறது. ஓடும் தேரின் எதிர்ப்பும் 1.5 டன். இரண்டும் சமம். நிற்கும் தேரின் எதிர்ப்பு அதைவிட அதிகம் என்பதால் நிற்கும் வரை அது அசையாமல் நிற்கும். "பாருங்க, நல்லாத்தானே நிக்குது" என்று தோன்றும். ஒருமுறை நகர்ந்துவிட்டால், யாரும் இழுக்காமலே போய்க்கொண்டே இருக்கும்.

30-க்கு 1 இறக்கத்தில் ஈர்ப்பு 2 டன், எதிர்ப்பு 1.5 டன். மீதி அரை டன் விசை 60 டன் நிறையை முடுக்குகிறது. நொடிக்கு நொடி வேகம் 8 செ.மீ. கூடும். முதல் சில நொடிகள் யாருக்கும் வித்தியாசமே தெரியாது. நொடிக்கு அரை மீட்டரில் போன தேர் 10 நொடியில் 1.3 மீட்டர் வேகத்துக்கு வந்திருக்கும். நடந்து போகும் வேகம்தான், ஆனால் அதன் இயக்க ஆற்றல் 7,500 ஜூலிலிருந்து 50,000 ஜூலுக்கு ஏறிவிட்டது. வேகம் இரண்டரை மடங்கு, ஆற்றல் ஏறக்குறைய ஏழு மடங்கு. தேரை இழுத்துக்கொண்டு முன்னால் போகிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், தொய்ந்த வடம் அவர்கள் காலடியில் கிடக்கிறது. இறக்கம் உள்ள தெருவில் பின்னாலும் ஒரு வடம் கட்டுங்கள். இந்தச் சரிவில் மீதியிருப்பது அரை டன்தான், 25 பேர் பின்னால் பிடித்து நடந்தாலே தேர் வேகம் எடுக்காது. எடுத்த பிறகு அதே 25 பேரால் அதை நிறுத்த முடியாது.

இனி முட்டுக்கட்டை. ஒரு காரியத்தைக் கெடுப்பவனை "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று திட்டுகிறோம். அந்தச் சொல் பிறந்த இடத்தில் முட்டுக்கட்டைதான் காரியத்தையே காப்பாற்றுகிறது.

நல்ல கட்டை சரிவான ஆப்பு வடிவில் இருக்கும், சதுரக் கட்டையாக இருக்காது. காரணம் இது. சக்கரம் கட்டையைத் தொடும் இடத்தில் அதை முன்னாலும் தள்ளுகிறது, கீழேயும் அழுத்துகிறது. 10 செ.மீ. உயரமுள்ள நேர்முகக் கட்டையின் விளிம்பில் 1 மீட்டர் ஆரச் சக்கரம் முட்டினால், தள்ளும் விசை அழுத்தும் விசையில் 48 சதவீதம். உலர்ந்த தார் ரோட்டில் மரத்தைப் பிடித்து நிறுத்தும் உராய்வு 40 சதவீதம் என்று வைப்போம். 48 ஜெயித்துவிடும், கட்டை சறுக்கிக்கொண்டு முன்னால் ஓடும், தேரும் பின்னாலேயே வரும். சரிவு முகம் 3-க்கு 1 என்று இருந்தால் தள்ளுவது 33 சதவீதம்தான், கட்டை நகராது. சக்கரம் ஏற ஏறக் கட்டை இன்னும் இறுக்கமாகத் தரையைப் பிடிக்கும். ஆக, 10 செ.மீ. உயரக் கட்டைக்குச் சரிவின் அடி நீளம் 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது. நுனி விரல் கனத்துக்கு மெலிந்திருக்க வேண்டும், தேய்ந்து மழுங்கிய நுனி பழைய நேர்முகக் கட்டையைப் போலவே நடந்துகொள்ளும். ரோட்டில் மணலோ, உடைத்த தேங்காய்த் தண்ணீரோ, வாழைப்பழத் தோலோ இருந்தால் 40 என்பது 20 ஆகிவிடும், அப்போது இந்தச் சரிவுக் கட்டையும் நிற்காது. கட்டை போடுபவருக்கு முன்னால் ஒருவர் துடைப்பத்தோடு போக வேண்டியது அவசியம் என்றே நினைக்கிறேன்.

கட்டை தேரை எப்படி நிறுத்துகிறது? முன்சக்கரம் இரண்டும் ஏறும்போது தேரின் முன்பக்கம் உயர்கிறது. இயக்க ஆற்றல் எல்லாம் அந்த உயரத்தில் செலவாகிறது. நொடிக்கு அரை மீட்டரில் வரும் தேர் ஆப்பின் மேல் 2.5 செ.மீ. ஏறியதும் நின்றுவிடும். 1.3 மீட்டரில் வரும் தேருக்கு 17 செ.மீ. உயரம் வேண்டும். கட்டையோ 10 செ.மீ.தான்! அது ஏறி, மறுபக்கம் தடாலென்று விழும். அந்த அதிர்ச்சியில் அச்சு முறியலாம், மேல்கட்டுமானம் ஆடும், அடுத்த கட்டை வைப்பவர் நிலைகுலைவார். அனுபவசாலிகள் வேகம் ஏறுவதற்கு முன்பே சின்னச் சின்னதாகக் கட்டை கொடுத்துக்கொண்டே வருவதன் பொருள் இதுதான். பார்ப்பவர்களுக்குத் தேரை ஓடவிடாமல் தடுப்பதுபோலத் தோன்றும்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். இடது சக்கரத்துக்கு மட்டும் வைத்தால் இடது பக்கம் தயங்கும், வலது பக்கம் முன்னேறும், தேர் இடப்புறம் திரும்பும். இதைத் தெரிந்தே செய்வதுதான் தேரைத் திருப்பும் வித்தை. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. நேராகப் போகும்போது அதை வழிநடத்துவது இந்தக் கட்டைகள்தான். கட்டைக்கு நீளமான கைப்பிடி இருக்க வேண்டும். சக்கரத்துக்கு நேர் முன்னால் நிற்காமல், பக்கவாட்டிலிருந்து நீட்டி வைத்து, வைத்ததும் கையை விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் கட்டை திரும்பும்போது மணிக்கட்டு போய்விடும்.

தெருமுனையில் கட்டை மட்டும் போதாது. முன்சக்கரம் இரண்டிலும் 30 டன் எடை. அவற்றைத் தார் ரோட்டில் பக்கவாட்டில் தேய்த்து நகர்த்த 12 டன் விசை வேண்டும். கிரீஸ் தடவிய இரும்புத் தகட்டின் மேல் ஏற்றிவிட்டால் உராய்வு 10 சதவீதத்துக்கு இறங்கி, 3 டன்னில் முடிந்துவிடும். திரும்பியதும் சக்கரப் பட்டையில் ஒட்டிய கிரீஸைத் துடைக்காமல் தேரை நகர்த்தாதீர்கள், அடுத்த முட்டுக்கட்டை வழுக்கும்.

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்ற பழமொழி உண்மைதான் என்றாலும், நேர்த் தெருவில் அச்சாணிக்குப் பெரிய வேலை இல்லை. சக்கரத்தை அச்சிலிருந்து வெளியே தள்ளும் விசை வருவது திருப்பத்திலும், ஓரம் சாய்ந்த ரோட்டிலும்தான். ஒவ்வொரு முனையையும் தாண்டியதும் நான்கு அச்சாணியையும் கண்ணால் பார்த்துவிட்டு நகர்வது நல்லது. துருப்பிடித்து 4 செ.மீ. ஆணி 2.5 செ.மீ. ஆகியிருந்தால் வலு 60 சதவீதம் போய்விட்டது என்று பொருள். விட்டத்தின் வர்க்கத்தில் குறையும்.

சாய்வைப் பற்றி எல்லாரும் பயப்படுவார்கள். பெரிய தேரில் அந்தப் பயம் ஓரளவுக்குத்தான் சரி. இலுப்பை மரத்தில் செய்த அடிப்பகுதிதான் எடை முழுவதும். மேலே மூங்கிலும் துணியும், தொங்கவிடும் துணிக் குழல்களான தொம்பையும்தான். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 3 மீட்டரில் இருந்தால், ஒரு பக்கச் சக்கரங்கள் 30 செ.மீ. பள்ளத்தில் இறங்கினாலும் அது 22 செ.மீ.தான் பக்கவாட்டில் நகரும். கவிழ 2 மீட்டர் நகர வேண்டும். ஆனால் 18 மீட்டர் உயரத்தில் இருக்கும் கலசம் அதே நேரத்தில் 1.35 மீட்டர் சாய்ந்திருக்கும். வீட்டு மாடியும் மின்கம்பியும் அங்கேதான் இருக்கின்றன.

காற்று வேறு விதம். மணிக்கு 54 கி.மீ. காற்று 50 சதுர மீட்டர் அலங்காரத்தில் மோதினால் 8,000 நியூட்டன். 60 டன் தேரைக் கவிழ்க்க அது போதாது, மூங்கில் கட்டுமானத்தைப் பிய்க்கப் போதும். கிராமத்து 5 டன் சப்பரம் என்றால் கவிழ்ப்பதற்கே பாதிக்குக் கிட்ட வந்துவிடும். அதோடு ஒரு பள்ளமும் ஒரு வெட்டு இழுப்பும் சேர்ந்தால் போதும். உயரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதை பெங்களூருக்கு அருகே ஆனேக்கல் பக்கம் ஹுஸ்கூர் மத்தூரம்மா திருவிழாவில் 2024-லும் 2025-லும் சாய்ந்த தேர்கள் காட்டின. அகலத்தைக் கூட்டாமல் ஓர் அடுக்கு ஏற்றுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மின்சாரத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அலங்காரத்தின் இரும்புக் குழாய், ஈரப்பூ, சீரியல் விளக்கு வயர் எல்லாம் மின்சாரத்துக்கு வழிதான். தேர் தாண்டும் வரை மின்சாரத்தை நிறுத்தி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கவைக்கோலால் கம்பியைத் தூக்கிப் பிடிக்கவே கூடாது.

தேரோட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு நான்கு வீதியிலும் சரிவை அளந்துவிடுங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் போதும். 4 மீட்டர் இடைவெளியில் இரண்டு பேர் நின்று, தரையிலிருந்து தண்ணீர் மட்டம் வரை இருவரும் அளக்க வேண்டும். வித்தியாசம் 4 செ.மீ. என்றால் 100-க்கு 1, 10 செ.மீ. என்றால் 40-க்கு 1. அந்த 10 செ.மீ. வரும் இடத்துக்கு 15 மீட்டர் முன்னாலேயே ரோட்டின் குறுக்கே சுண்ணாம்பில் கோடு போட்டு, முட்டுக்கட்டை போடுபவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். தேரின் முன்சக்கரம் அந்தக் கோட்டைத் தொடும்போது பின்வடம் ஆட்களின் கையில் இறுகியிருக்க வேண்டும்.